ஏழு யாருடைய கரடி

கணவாய்ச் சாலையில் லாரி மோதிச் செத்துக் கிடந்த தாய்க்கரடியைச் சாலைப் பணியாளர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பக்கத்துப் பைன் மரத்தின் மேலிருந்து ஏதோ அழுவதும் அவர்கள் காதில் விழுந்தது. பூனையாக இருக்கும் என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாடு முடிந்த பிறகு ஒருவர் அண்ணாந்து பார்த்து, பதறிப்போய், தேசியப் பூங்காவுக்குப் போன் செய்தார்.

பூங்காவின் விலங்குப் பராமரிப்பு நிலையத்திலிருந்து ஜீப் வந்தது. ஓட்டி வந்தவன் தம்பி, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவனுடைய அக்கா. நிலையத்தில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த, நிலையத்துக்கே பொறுப்பான டாக்டரம்மாகூட. தாயில்லாத குட்டிகளுக்குப் பால் ஊட்டி வளர்ப்பது அவள் வேலை. ஏணியைச் சாத்தி அவளே மேலே ஏறினாள். குட்டி அவளுடைய கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறிவிட்டது. ஜீப்புக்குள் வந்து கோட்டுக்குள் போட்டு மூடிக்கொண்டதும் அது அவளுடைய பித்தானை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அதன் தொண்டையிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. பால் குடிக்கும் கரடிக்குட்டி மட்டும் விடும் சத்தம் அது. சுவருக்குள் தேன்கூடு இருப்பதுபோல் கேட்கும்.

"என்னக்கா சத்தம் அது?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல. நீ ரோட்ட பாரு," என்றாள். அந்தச் சத்தத்தை யாரோடும் பங்கு போட அவளுக்கு மனமில்லை.

நிலையத்தில் சில விதிகள் உண்டு. குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, அவற்றோடு பேசக் கூடாது. ஒருவர்தான் ஊட்ட வேண்டும், அதுவும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு. காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய மிருகம் மனிதர்களிடம் ஒட்டிக்கொண்டால், பிறகு சுற்றுலா வண்டிகளின் ஜன்னலில் கை நீட்டும். கடைசியில் சுட வேண்டிவரும். அந்த வருடம் வந்த ஏழாவது குட்டி என்பதால் அதைப் பதிவில் ஏழு என்று எழுதினார்கள். பெயர் வைக்கவில்லையே தவிர, "ஏழு குடிச்சுதா? ஏழு தூங்குதா?" என்று எல்லாரும் கேட்கக் கேட்க அதுவே பெயராகிவிட்டது.

ஏழு அவளுடையதாக இருந்தது. பாலை மணிக்கட்டில் சொட்டி இளஞ்சூடு பார்ப்பாள். குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவி மூத்திரம் போக வைப்பாள். தொங்குதராசில் துண்டோடு போட்டு எடை பார்ப்பாள். அவள் உள்ளே போனால் வைக்கோலுக்குள்ளிருந்து உருண்டு வந்து அவளுடைய பூட்ஸைக் கட்டிக்கொள்ளும். முகத்துணிக்குப் பின்னால் அவள் சிரிப்பதைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

அவளுக்குப் பிரியம் வைக்க வேறு ஆள் இல்லை என்று இல்லை. பூங்காவின் நுழைவாயிலில் வண்டிகளைச் சோதிக்கும் கேட்டுக்காரர் அவளுடைய கணவர். அதிகம் பேசாத, பேசினால் சிரிக்க வைக்கிற மனிதர். ஆனால் அவளுடைய உயிரெல்லாம் தம்பிதான். அம்மா இறந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. குளிப்பாட்டி, தலைவாரி, ஜுரத்தில் பக்கத்தில் படுத்து, அவனை ஆளாக்கியவள் அவள். இந்தப் பூங்காவில் அவனுக்கு டிரைவர் வேலை கிடைத்த பிறகு, வேலை முடிந்ததும் ஜீப்பை அவள் வீட்டு வாசலில்தான் நிறுத்துவான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து மூடியிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பான்.

போன குளிர்காலத்தில் அவன் கல்யாணம் செய்துகொண்டான். பெண், அடிவாரத்து ஊரில் செருப்புக்கடையில் வேலை பார்த்தவள். குள்ளம், சுறுசுறுப்பு, பேசும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவாள். நிலையத்தில் இரண்டே நாளில் சிட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊழியர் குடியிருப்பில் பெரியக்கா வீட்டை ஒட்டிய அடுத்த வீடே அவர்களுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து ஜீப் ஒரு வாசல் தள்ளி நின்றது. சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"அவங்க சிரிச்சா எனக்கென்ன? எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றாள் கணவரிடம். அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

தம்பி கேட்டுக்கொண்டதால் சிட்டுவுக்கு நிலையத்தில் வேலைக்குச் சிபாரிசு செய்தவளும் பெரியக்காதான். ஆப்பிள் நறுக்குவது, பாட்டில்களைக் கொதிநீரில் போடுவது, வைக்கோல் மாற்றுவது. பெரியக்கா சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். அதுவும் பெரியக்காவுக்குப் பிடிக்கவில்லை. நான்கைந்து தடவை தப்பாகச் செய்து, திட்டு வாங்கி, பிறகு கற்றுக்கொண்டிருந்தால் கொஞ்சம் பிடித்திருக்கும்.

ஏழுவுக்குப் பல் முளைக்கிற சமயத்தில் பெரியக்காவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மனிதர்களின் சளி குட்டிகளுக்கு எமன். இருமல் முழுவதுமாக நிற்கிறவரை நிலையத்துப் பக்கம் வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கோட்டு ஆணியில் தொங்கியது. ஊட்ட ஆள் வேண்டும். சிட்டு அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பெரியக்கா படுக்கையில் கிடந்து கணவரைத் துளைத்தெடுத்தாள். அழுததா, தேடியதா, பாலைத் துப்பியதா என்று கேட்டாள். அவர் கேட்டில் நிற்பவர், அவருக்கு என்ன தெரியும். சிட்டுவைக் கேட்டு வந்து, "நல்லா குடிக்குதாம்," என்றார். நல்ல செய்தி கொண்டுவந்ததாக நினைத்த அவருக்கு அன்று முழுவதும் பதில் பேச்சே கிடைக்கவில்லை.

இருமல் நின்றதும் போனாள். குளித்து, கையைக் கழுவி, கோட்டைத் தேடினால் ஆணி காலியாக இருந்தது. கூண்டறையின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சிட்டு வைக்கோலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் மல்லாந்து படுத்து, பாட்டிலை நான்கு கால்களாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏழு குடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தாண்டி அந்த ரீங்காரம் கேட்டது.

இன்னொன்றையும் பார்த்தாள். கோட்டின் கைகள் நீளமாக இருந்ததால் சிட்டு அவற்றை மடித்துத் தையல் போட்டிருந்தாள். நேர்த்தியான, சின்னச் சின்னத் தையல்.

பெரியக்கா கதவைத் திறந்து, "கழட்டிக் குடு. நான் பாத்துக்கறேன்," என்றாள் மெல்ல.

"இப்பத்தான் பாதி குடிச்சிருக்கு அண்ணி. முடிச்சதும் தரட்டுமா?"

"தையல யாரு போடச் சொன்னா?"

"கை தடுக்குதுன்னு போட்டேன். பிரிச்சுடறேன்."

"பிரிச்சா ஓட்டை தெரியும்," என்றாள் பெரியக்கா. அதைவிடப் பெரிய காரணம் அப்போது கிடைக்கவில்லை.

அடுத்த வேளைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு அவளே உள்ளே போனாள். கைகள் அவளுக்குக் குட்டையாகிவிட்டிருந்தன. ஏழு வந்தது, பூட்ஸை மோந்தது, கோட்டின் ஓரத்தை மோந்தது. பிறகு திரும்பிப் போய்க் கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கதவையே பார்த்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சிட்டு ஆப்பிள் நறுக்கும் சத்தம் கேட்டது. பெரியக்கா பாட்டிலை நீட்டிக்கொண்டு முழங்கால் வலிக்கிறவரை குந்தியிருந்தாள். பால்தான் ஆறிப்போனது.

"உன்ன மறந்துடுச்சா?" என்றார் கேட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது.

"மறக்கல. அவ மறக்க வெச்சுட்டா."

"காய்ச்சல் வந்தது உனக்கு. அவ என்ன பண்ணுவா?"

"நீங்க யாரு பக்கம்?"

"நான் கேட்டு பக்கம்," என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

முதலில் தம்பி, இப்போது ஏழு. அவள் மனதுக்குள் இந்தக் கணக்குதான் ஓடியது. சொன்னால் அசிங்கம் என்று தெரியும். வெளியே சொல்லாததால் உள்ளேயே இருந்து அது கொழுத்தது. சிட்டு கூந்தலை முடிகிற விதம், நடக்கும்போது சாவிக்கொத்து குலுங்குகிற விதம், எல்லாம் எரிச்சலாக இருந்தது. "ஏழு இன்னிக்கு என் காதைச் சப்பிடுச்சு அண்ணி," என்று அவள் வந்து சொன்னபோது, வேண்டுமென்றே சொல்கிறாளா, வெள்ளந்தியாகச் சொல்கிறாளா என்று தெரியாமல் பெரியக்கா திரும்பிக்கொண்டாள்.

ஒருநாள் கோட்டை எடுத்து, கிருமிநாசினி ஊற்றி, சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டாள். போட்டபோது அழுக்காக இருந்ததால்தான் போடுகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அழுக்காகவும் இருந்தது. ஆனால் கரடிக்குட்டி தன் ஆளை அடையாளம் காண்பது அந்த அழுக்கின் வாசனையில்தான் என்பது நிலையத்தில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

ஏழு அன்று யாரிடமும் குடிக்கவில்லை. சிட்டு போனாலும் சீறியது, பெரியக்கா போனாலும் சீறியது. மூலையில் போய்ச் சுருண்டுகொண்டு தன் பாதத்தையே சப்பியது.

"கோட்ட யாரு தொவைச்சது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாத்தம் தாங்கல. நான்தான்," என்றாள் பெரியக்கா.

டாக்டரம்மா கோட்டை எடுத்து மோந்து பார்த்தார். "புதுசா வந்தவங்க பண்ணா பரவால்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெரியக்கா அந்தப் பக்கம் போனபோது கூண்டறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. சிட்டு தரையில் படுத்துக்கொண்டு, முகத்துணியை இறக்கிவிட்டு, குட்டியிடம் கொஞ்சிக்கொண்டிருந்தாள். "ஒரு வாய்டா. ஒரே ஒரு வாய். உனக்கு யாருமில்லன்னு நெனச்சுட்டியா?" ஏழு தவழ்ந்து தவழ்ந்து வந்து பாட்டிலைக் கவ்வியது.

குட்டி குடித்துவிட்டது என்று அவளுக்கு நிம்மதி வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போய்ப் போட்டுக்கொடுத்தாள். முகத்தைக் காட்டினாள், பேசினாள், கொஞ்சினாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஏன் பேச வேண்டியிருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா சிட்டுவைக் கூப்பிட்டுக் கடுமையாகத் திட்டினார். ஆனால் நடந்தது பெரியக்கா நினைத்ததற்கு நேர்மாறு. "இன்னொரு தடவ ஆள மாத்துனா அது சாப்பாட்டையே விட்டுடும்," என்றார் டாக்டரம்மா. "இனிமே கடைசி வரைக்கும் ஏழுவுக்கு சிட்டுதான் பொறுப்பு. காட்டுக்குள்ள நடக்கப் பழக்கறதும் அவதான். பெரியக்கா, நீங்க சரிவுல இருக்கற கேமரா பெட்டிகளப் பாத்துக்கோங்க."

அன்று தம்பி ஜீப்பை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த எஞ்சின் சத்தம் தன் வாசலில் நின்றதும் அவள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவன் உள்ளே வரவில்லை.

"நீதான் போய்ச் சொன்னியாக்கா?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"விதி இருக்கட்டும். கோட்ட ஏன் தொவைச்ச?"

அவள் கையோடு எடுத்து வந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு கூண்டு போட்டு, ஒரே ஆளுதான் ஊட்டணும்னு வெச்சிருக்கலாம்ல நீ," என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. ஜீப்பைக் கிளப்பி ஒரு வாசல் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு அவன் கியர் மாற்றிய சத்தம் அவளுடைய காதில் வெகு நாள் இருந்தது.

கோடை போய், காட்டில் ஓக் மரங்கள் காய் உதிர்க்கத் தொடங்கியிருந்தன. காலையில் மூடுபனி விலகியதும் சிட்டு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஏழுவை வெளியே அழைத்துப் போவாள். அவளாகப் பேச மாட்டாள், தொட மாட்டாள். போய் ஒரு விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிடுவாள். ஏழு சுற்றிச் சுற்றி மேயும். உளுத்த கட்டையைப் பிளந்து புழு பொறுக்கும், எறும்புப் புற்றில் நாக்கை விட்டு முகத்தைச் சுளிக்கும், ஓக் காய்களைத் தோலுரித்துத் தின்னும். இப்போது அது பெரிய நாயின் அளவு வளர்ந்துவிட்டது. சாயங்காலம் அவள் எழுந்தால் பின்னாலேயே வந்துவிடும்.

மிருகங்களைத் தானாகப் படம் எடுக்கும் அந்தக் கேமரா பெட்டிகள் அதே சரிவில்தான் இருந்தன. பேட்டரி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும். பெரியக்கா நாள் முழுவதும் அங்கேயே இருந்தாள். ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்ப்பாள். ஏழு எதையாவது கண்டுபிடித்ததும் தலையைத் தூக்கி அந்தக் கோட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். இருந்தால் திரும்பவும் தோண்டும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவளுடைய நெஞ்சு வெந்தது. அது என்னைப் பார்க்க வேண்டிய பார்வை என்று நினைத்தாள்.

ஒருநாள் காற்று அவள் இருந்த பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது. சிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலணியில் புகுந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. வாயை மூடி, தொண்டைக்குள்ளேயே, அந்த ரீங்காரத்தைச் செய்தாள்.

ஏழு நிமிர்ந்தது. பின்னங்கால்களில் எழுந்து நின்று மூக்கை ஆட்டியது. அவள் திரும்பவும் செய்தாள். ஏழு இறங்கி, புதர்களுக்குள் புகுந்து, நேராகப் பாறையை நோக்கி வந்தது. வந்து அவளுடைய முழங்காலில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, கோட்டு இல்லாத, முகத்துணி இல்லாத அவளை மோந்து பார்த்தது. பிறகு அவளுடைய சட்டைப் பித்தானை வாயில் கவ்வியது.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தலையைத் தூக்கிச் சரிவைப் பார்த்தாள். சிட்டு எழுந்து நின்று தேடிக்கொண்டிருந்தாள். பிறகு இவர்களைக் கண்டுகொண்டாள். அந்தத் தூரத்திலிருந்தும் அவளுடைய முகம் வாடிப்போனது தெரிந்தது. பெரியக்கா அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். வெட்கமே இல்லாமல் பார்த்தாள்.

திடீரென்று ஏழு பித்தானை விட்டது. அதன் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. உஸ்ஸென்று மூச்சை ஊதிவிட்டு, பக்கத்திலிருந்த தேவதாரு மரத்தில் நகங்கள் கரகரக்க ஏறி, உச்சிக் கிளைகளுக்குள் மறைந்துவிட்டது.

கீழே ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் கரடி வந்துகொண்டிருந்தது. கேமராப் படங்களில் மட்டும் அவள் பார்த்திருந்த, ஒரு காது கிழிந்த பெரிய ஆண். அப்படிப்பட்டவை குட்டிகளைக் கண்டால் கொன்றுவிடும். கட்டையருகே இருந்தவரை ஏழு அதன் வழிக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தது. இங்கே இழுத்து வந்தது அவள்.

சிட்டு சரிவில் ஓடி வந்தாள். குறுக்கே கரடி இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

"ஓடாத. நட. என்கிட்ட நடந்து வா," என்றாள் பெரியக்கா சத்தமாக, நிதானமாக.

சிட்டு பார்த்துவிட்டாள். ஓட்டத்தை நிறுத்தி நடந்தாள். வந்து சேர்ந்ததும் பெரியக்கா அவளைத் தன் பக்கம் இழுத்து ஒட்டி நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் பெரிய உருவமாகத் தெரியும். கோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடிக்கச் சொன்னாள். இடுப்பிலிருந்த டார்ச்சை எடுத்துப் பாறையில் டக், டக் என்று தட்டினாள். ஆண் கரடி நின்றது. தலையைத் தாழ்த்தி, பற்களைக் கடகடவென்று அடித்தது. ஒரு தடவை முன்னால் பாய்வதுபோல் வந்து நின்றது. பெரியக்கா தட்டுவதை நிறுத்தவில்லை.

கரடிக்கு என்ன தோன்றியதோ, பக்கவாட்டில் திரும்பி, அவசரமே இல்லாமல் ஓடையைக் கடந்து போய்விட்டது.

இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சிட்டு வாக்கி டாக்கியில் டாக்டரம்மாவுக்குச் செய்தி சொன்னாள். அவர் வந்து சேரும் வரை மரத்தடியைவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் காத்திருக்கச் சொன்னார். மேலே ஏழு அசையவில்லை.

"ஏன் கூப்பிட்டீங்க அண்ணி?" என்றாள் சிட்டு கடைசியில்.

"வருதான்னு பாத்தேன்."

"வந்துச்சே. சந்தோஷமா?"

"இருந்துச்சு," என்றாள் பெரியக்கா. பொய் சொல்லத் தெம்பில்லை.

சிட்டு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன கொறச்சல்னு எனக்குப் புரியவே இல்ல. எங்க வீட்ல நாள் பூரா உங்க பேச்சுதான். அக்கா வெங்காயத்த இவ்வளவு பொடியா நறுக்கும். அக்கா சட்டைய இப்படி மடிக்காது. அக்கா வெச்சா கொழம்பு தண்ணியா இருக்காது. நான் அந்தாள கல்யாணம் பண்ணேனா, உங்கள கல்யாணம் பண்ணேனான்னே தெரியல. இந்தக் கரடி ஒண்ணுதான் என்னைய உங்களோட வெச்சுப் பாக்கல. அதையும் கூப்பிட்டுக்கிட்டீங்க."

பெரியக்காவுக்கு இதைக் கேட்டதும் முதலில் உள்ளே தேன் சொட்டியதுபோல் இருந்தது. வெங்காயம், சட்டை, குழம்பு. அவன் மறக்கவில்லை. இன்னும் எதையெல்லாம் சொன்னான் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள். இலையும் மண்ணும் ஒட்டிய முகம். தான் இத்தனை மாதம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த அதே கடுகடுப்பு அந்த முகத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி இப்படித்தான் படுத்துக்கிடந்திருக்கிறாள்.

"கொழம்பு தண்ணியாதான் இருக்கணும். அவனுக்குச் சாப்பாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றாள்.

சிட்டு சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து தள்ளிப் போய் உட்காரவும் இல்லை.

டாக்டரம்மா வந்தார். மரத்தைப் பார்த்தார், ஓடையோரத்துத் தடங்களைப் பார்த்தார், விழுந்த மரத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பார்த்தார். "ஏழு தானா இவ்வளவு தூரம் வந்துச்சா?" என்று கேட்டார்.

சிட்டு வாயைத் திறக்கவில்லை. பெரியக்காவை அவள் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. பெரியக்கா, "நான்தான் கூப்பிட்டேன்," என்றாள். "மூஞ்சிய மூடாம. கோட்டும் இல்லாம."

டாக்டரம்மாவின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "ரெண்டு பேரும் இனிமே ஏழுவோட கண்ணுல படக் கூடாது. உங்க வாசனையும் படக் கூடாது. மேல் வேலிக்கு மாத்திடறேன்."

"நான் என்ன பண்ணேன்?" என்றாள் சிட்டு.

"அன்னிக்கே நீ அதுகிட்ட மூஞ்சியக் காட்டிப் பேசிட்ட. இவங்க சத்தம் குடுத்தா வருது, உன் பின்னாடி வீட்டுக்கு வருது. நாளைக்கு எவனோ வேட்டைக்காரன் சத்தம் குடுத்தாலும் வரும்."

மரத்தடியில் ஆப்பிள் வைத்துக் கூண்டு ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். மறுநாள் காலையில் ஏழு கூண்டுக்குள் இருந்தது.

மேல் வேலி என்பது மலைச்சரிவில் ஓடை, மரம், பாறை எல்லாவற்றையும் உள்ளே வைத்து மின்கம்பி கட்டிய பெரிய அடைப்பு. அங்கே சாப்பாடு போடும் வேலை வேலிக்காரருக்குப் போனது. கம்பி பழுதுபார்ப்பதைத் தவிர வேறு எதிலும் அக்கறையில்லாத மனிதர் அவர். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே இருப்பார். வேலியில் பொருத்திய குழாய் வழியாக ஒரு வாளி பழத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவார்.

சிட்டு ஆப்பிள் நறுக்கும் மேஜையில், பெரியக்கா எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்துக்கொண்ட முதல் நாள் கத்திகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் ஒருநாள் வேலிக்காரர் வாளியை எடுக்க வந்தார்.

"சாப்பிடுதா?" என்று பெரியக்கா கேட்டாள், தலை நிமிராமல்.

"யாரு?"

"ஏழு."

"கொட்டறது காலியாவுது. அப்ப சாப்பிடுதுன்னுதான் அர்த்தம்."

"இளைச்சிருக்கா, பெருத்திருக்கா?" என்றாள் சிட்டு.

"கரடி மாதிரி இருக்கு," என்றார் அவர், மென்றபடியே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தாளுக்குப் போய்," என்றாள் சிட்டு.

"தெனமும் அங்க போறான். ஒரு தடவ எட்டிப் பாத்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?" என்றாள் பெரியக்கா.

"எனக்கு அந்த வாளியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது அண்ணி."

"எனக்கு அந்தக் குழாயப் பாத்தா."

அன்றிலிருந்து அவர்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. வேலிக்காரர் நடக்கிற விதம், மெல்லுகிற விதம், வாளியைக் கழுவாமல் கொண்டுவருகிற விதம் என்று சாயங்காலம் வரை ஓடும். சில நாள் வேலை முடிந்த பிறகும் முடியாமல், யாராவது ஒருவர் வீட்டில் போய்த் தொடரும். அக்காவும் பெண்டாட்டியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு மனிதனைக் கிழிப்பதைக் கேட்டுக்கொண்டு தம்பி சாப்பிட்டான். ஜீப்பை எந்த வாசலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிறுத்தத் தொடங்கியிருந்தான். குழம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் அவன் அந்த வீட்டிலும் சொல்லவில்லை, இந்த வீட்டிலும் சொல்லவில்லை.

பனி உருகியதும் ஏழுவை விட்டுவிட்டார்கள். கழுத்தில் சிக்னல் கொடுக்கும் பட்டையைக் கட்டி, மேல் வேலியின் கதவைக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துத் திறந்தார்கள். அவர்கள் இருவரையும் அருகே விடவில்லை. எதிர்மலையின் வளைவில் ஜீப்பை நிறுத்தி, தம்பி தொலைநோக்கியை எடுத்து அக்காவிடம் நீட்டினான். உடனே கை தயங்கி, சிட்டுவைப் பார்த்தான்.

"அண்ணியே முதல்ல பாக்கட்டும்," என்றாள் சிட்டு. மனதாரச் சொல்லவில்லை, குரலிலேயே தெரிந்தது. பெரியக்காவும் மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை. பார்த்தாள். கருகருவென்று, நெஞ்சில் வெள்ளைத் தீற்றலோடு, திண்ணென்று வளர்ந்த ஒரு கரடி கதவருகே வந்து நின்றது. வெளியே தலையை நீட்டி, தரையை மோந்து, மறுபடி உள்ளே போய், மறுபடி வந்தது. அதற்குள் சிட்டு அவளுடைய முழங்கையைத் தட்டினாள். தொலைநோக்கி கை மாறிய நேரத்தில் ஏழு வெளியே போய்விட்டது. எந்தப் பக்கம் போனது என்று பெரியக்கா பார்க்கவில்லை. சிட்டு பார்த்தாள். அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க அவள் அன்று மிகவும் சிரமப்பட்டாள்.

இலையுதிர்காலம் வரைக்கும் சிக்னல் பக்கத்துச் சரிவுகளிலேயே சுற்றியது. பிறகு மலைமுகட்டைத் தாண்டி, பூங்காவின் அந்தப் பக்கத்துக்கு, வேறொரு வனக்காவல் நிலையத்தின் எல்லைக்குப் போய்விட்டது. ஒரு காலை டாக்டரம்மாவின் அறையில் போன் அடித்தது. அவர் இல்லாததால் சிட்டு எடுத்தாள். பெரியக்கா வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சிட்டு கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"அந்தப் பக்கத்து ஆளுங்க. ஓடையில மீன் புடிக்கறத நேர்ல பாத்தாங்களாம். படம் எடுத்து வெச்சிருக்காங்களாம்."

"நல்லதுதானே."

"எங்க கரடி, எங்க கரடின்னு சொல்றான் அண்ணி. பேரு வேற வெச்சுட்டாங்களாம்."

பெரியக்கா துணியை ஆணியில் மாட்டினாள்.

"என்ன பேரு?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும்," என்றாள் பெரியக்கா. வெளியே தம்பி ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ரோடு எப்படி இருக்குன்னு அவன்கிட்ட கேளு. நாம போய் அந்தப் படத்த மட்டும் பாத்துட்டு வந்துடலாம்."

சிட்டு ஏற்கெனவே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.